ரிப்பன் கட்டாத கை

சார்,

இன்று காலை கேம்ப் பெட்டியைத் திறந்தேன். மூன்று மாதமாக என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிற அதே தகரப் பெட்டிதான். மூடியைத் தூக்கியதும் குப்பென்று புதினா வாசனை அடித்தது. நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கிற ரோஸ் நிற சிரப் பாட்டில் கசிந்து, அடியில் இருந்த பஞ்சையும் கட்டுத்துணியையும் ஒன்றாக ஒட்ட வைத்திருந்தது. பாட்டில் மூடியைச் சரியாக இறுக்காமல் வைத்தது நான்தான். அதிலிருந்து கடைசியாக மருந்து குடித்தது நீங்கள்.

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஜன்னல் ஓரம் வந்து உட்கார்ந்தேன். தை மாதம், வெளியே மூட்டம், எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. இந்த வீட்டில் என்னோடு பேச ஆள் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்று வந்த புதிதில் அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது பிரஷர் குக்கர் விசில் அடித்தால் யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து போகிறேன். நேற்று நம் சங்கக் கூட்டத்தில் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான் என்பதால் எழுதுகிறேன்.

சங்கம் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ‘வெளிநாட்டில் பணியாற்றிய முன்னாள் ராணுவ மருத்துவர் சங்கம், நீலகிரி’ என்று பேக்கரி மாடியில் தொங்குகிற போர்டு, அறைக் கதவைவிட அகலம். ஆரம்பித்தபோது பதினொரு பேர். சிலர் பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிள்ளைகளோடு போனார்கள், சிலர் திரும்பி வர முடியாத இடத்துக்குப் போனார்கள். நான் சேர்ந்தபோது ஆறு பேர் இருந்தோம். போன வருடம் மூன்று: நீங்கள், நான், கடற்படை மருத்துவக் கப்பலில் இருந்த கமாண்டர். இப்போது நானும் கமாண்டரும். அவருக்குக் காது மெஷினைத் திருகித் திருகி வைத்தால்தான் நான் பேசுவது கேட்கும்.

என்னைச் சேர்க்க நீங்கள் வந்த நாள் நினைவிருக்கிறதா? அப்போது நான் அருவங்காட்டில் அப்பாவின் பழைய சிநேகிதர் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அதனால் ஊர் முழுக்க எனக்கு அண்ணன், சித்தப்பா முறை. ஒருவரும் என்னை டாக்டர் என்று மதித்ததில்லை. நீங்கள் குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, உட்காராமலே சொன்னீர்கள்.

“ஏனுங்க மேஜர், நம்ம சங்கத்துல மயக்க டாக்டரே இல்லீங்க. கூட்டத்துல பாதிப் பேரு தூங்கறாங்க. நீங்க வந்தீங்கன்னா அவங்களைப் பாத்துக்கலாம்.”

நான் சிரிக்கவில்லை. முப்பது வருடம் தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டதுதான் என் பிழைப்பு. அதில் கேலி செய்தால் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை வந்தேன். வர்க்கி சுடும் வாசனை படிக்கட்டு வரை அடித்தது. அதற்காகவே வரலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்து பார்த்தால் சங்கத்துக்கு வேலை இருந்தது. நவம்பரில் பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். ஜெகதளாவிலிருந்து பழைய சிப்பாய்கள் தொப்பியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். “செத்தவரு யாராச்சும் வந்து சான்று கேட்டா மட்டும் என்னைக் கூப்பிடுங்க மேஜர்” என்பீர்கள். இத்தலார் பக்கத்துப் பள்ளிகளில் முதலுதவி சொல்லிக் கொடுத்தோம். படை வேலையாக வெளிநாடு போய்விட்டு வந்து, வீட்டில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற இளைஞர்களைத் தேடிப் போனோம். அவர்கள் அம்மாக்களுக்கு உங்களைப் பிடிக்கும். நீங்கள் மருந்தைப் பற்றிப் பேசாமல் காரட் விலையைப் பற்றிப் பேசுவீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கீழ் கோத்தகிரி தேயிலை எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமை மருத்துவ கேம்ப். போன நவம்பரில் சிப்பாய்கள் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாகப் பேக்கரிக்காரர் சொன்னார். நான் வீட்டில்தான் இருந்தேன். போகப் பிடிக்கவில்லை.

ஆனால் சங்கத்தைச் சங்கமாக வைத்திருந்தது உங்கள் அந்த ஒரு விதிதான். மாதக் கூட்டத்தில் வரவேற்பு, பழைய குறிப்பு எல்லாம் முடிந்ததும் ஒருவர் எழுந்து தான் தவறவிட்ட ஒரு கேஸைச் சொல்ல வேண்டும். முறை வைத்து, மாதம் ஒருவர். காப்பாற்றிய கதைக்கு இடமில்லை. “அதெல்லாம் பேரன் பேத்திகிட்டச் சொல்லிக்கலாமுங்க” என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவீர்கள். சொல்லி முடித்ததும் மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். ஆறுதல் மட்டும் சொல்லக் கூடாது. “உங்கள் மேல் தப்பில்லை” என்று எவராவது வாயைத் திறந்தால், அன்றைக்கு டீயும் வர்க்கியும் அவர் செலவு. கமாண்டர் இளகிய மனசுக்காரர்; பல மாதம் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

இதென்ன கொடுமை என்று நான் முதலில் நினைத்தேன். உங்கள் முறை வந்தபோது புரிந்தது.

ஆப்பிரிக்காவில் பல நாட்டு அமைதிப்படையின் கூடார ஆஸ்பத்திரி. லாரி கவிழ்ந்து ஒரே நேரத்தில் முப்பது பேர் வந்துவிட்டார்கள். வாசலில் நின்று ரிப்பன் கட்டுவது உங்கள் வேலை. சிவப்பு கட்டினால் உடனே உள்ளே. மஞ்சளுக்கு அடுத்த இடம். பச்சை என்றால் நடக்கிறார், பேசுகிறார், காத்திருக்கலாம். வேறு ஏதோ நாட்டுப் பட்டாளத்துப் பையன் ஒருவன் நடந்தே வந்தான். சிரித்துக்கொண்டே தண்ணீர் கேட்டான். நீங்கள் பச்சை கட்டி மரத்தடியில் உட்கார வைத்தீர்கள். மற்றவர்கள் போட்ட கூச்சலில் இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. வந்து பார்த்தபோது அவன் மரத்தில் சாய்ந்தபடியே இறந்திருந்தான். வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்திருந்தது.

“சத்தம் போடறவனுக்கு மூச்சு இருக்குதுங்க. சத்தம் போடாதவங்ககிட்ட முதல்ல போகோணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போகுல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். அவன் பெயர் உங்களுக்குத் தெரியாது, கழுத்துத் தகட்டில் இருந்த எண் மட்டும்தான் தெரியும். அதனால்தான் எங்கள் எல்லோரிடமும் முதல் கேள்வியாக “அவங்க பேரு என்னங்க?” என்று கேட்பீர்கள். பெயர் மறந்துவிட்டது என்று சொன்னவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இதை நான் கேட்டேன் சார். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கீழ் கோத்தகிரி கேம்ப்பிலும் அதே ரிப்பன்தான். எஸ்டேட் ஆபீஸ் வாசலில் முக்காலி போட்டு, மடியில் மூன்று நிற உருண்டைகளை வைத்துக்கொண்டு உட்காருவீர்கள். முதல் கேம்ப்பிலேயே பெண்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சிவப்பு என்றால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். “நமக்கும் செவப்பே கட்டிவிடுங்க சார், அடுப்புல சோறு கெடக்கு” என்று கையை நீட்டுவார்கள். “சோறுதானுங்களே, அதுக்குப் பச்சை போதும்” என்று கட்டிவிடுவீர்கள். ஒருத்தி கேம்ப் முடிந்ததும் அந்தப் பச்சையைப் பின்னலில் முடிந்துகொண்டு போனாள். அடுத்த முறை சின்னப் பெண்கள் எல்லோருக்கும் பச்சைதான் வேண்டும் என்று ஆகிவிட்டது.

அந்த ஐப்பசி ஞாயிறு மழை தூறிக்கொண்டே இருந்தது. மேசை போட்டு உட்கார்ந்தபோதே எனக்கு எரிச்சல். கூட்டம் அதிகம், உதவிக்கு எஸ்டேட் நர்ஸ் ஒருத்திதான். கமாண்டர் சளி என்று வரவில்லை. பதினோரு மணி இருக்கும். நீங்கள் ரிப்பன் உருண்டைகளை நர்ஸிடம் கொடுத்துவிட்டு என் மேசைக்கு வந்தீர்கள்.

“மேஜர், நெஞ்சு கொஞ்சம் எரியுதுங்க. காலையில அந்த மொளகா பஜ்ஜி செஞ்ச வேலை.”

“எழுபத்துநாலு வயசுல மிளகாய் பஜ்ஜி தின்னா எரியாம, குளிருமா சார்?” என்றேன். நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்கவில்லை. கழுத்து மப்ளரை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தீர்கள். நெற்றி ஈரமாக இருந்தது. தூறலில் நனைந்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே தகரக் கூரை இருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

பாட்டில் மூடியில் சிரப் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தீர்கள். “எனக்கு என்ன ரிப்பனுங்க?” என்று சிரித்தீர்கள்.

“உங்களுக்கு ரிப்பனே கிடையாது. போய் ஜீப்புல உக்காருங்க சார், வரேன்.”

அந்த நேரத்தில்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியால் விறகு வெட்டப் போய்க் கட்டைவிரலைக் கிட்டத்தட்ட துண்டித்துக்கொண்டிருந்தான். அவன் போட்ட கத்தலில் எஸ்டேட்டே திரண்டுவிட்டது. அவன் அம்மா அதைவிட அதிகமாகக் கத்தினாள். “ஏம் புள்ளையோட வெரலு போச்சே டாக்டரம்மா, இனி கொழுந்து எடுக்க ஏலாதே” என்று என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரம் தைத்தேன். நன்றாகவே தைத்தேன். அந்த விரல் இன்றைக்கு மடங்கி நிமிர்கிறதாம்.

கை கழுவிவிட்டு ஜீப் பக்கம் வந்தேன். முன் இருக்கையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தீர்கள். டிரைவர் கதவைத் திறக்கப் போனான். “சார் தூங்கறார், எழுப்பாதே” என்றேன். பாக்கி இருந்த பதினேழு பேரையும் பார்த்து முடித்தேன். நடுவில் ஒருமுறை ஜீப்பைக் கடந்து போனபோது, கண்ணாடி வழியாக உங்கள் மேல் சால்வை சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தேன்.

முப்பது வருடம், சார். மயக்கத்தில் இருப்பவர் தூங்குகிறாரா, போய்க்கொண்டிருக்கிறாரா என்று மார்பு ஏறி இறங்குவதை வைத்தே சொல்லிவிடுகிறவள். நான் பார்த்தது சால்வையை.

கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே செய்வதற்கு எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் அக்காவுக்கு நான்தான் போன் செய்தேன். உங்கள் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது அக்கா அழவில்லை. என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார்.

“கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா கண்ணு?”

“இல்லீங்க அக்கா. தூக்கத்துலயே போயிட்டாரு.”

அந்தப் பொய் எவ்வளவு எளிதாக வந்தது தெரியுமா? அதற்கப்புறம் துக்கத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் அக்கா அதையே சொன்னார். “தூக்கத்துலயே போயிட்டாருங்க, வலியே இல்லாம. டாக்டரம்மா கூடவே இருந்தாங்க.” அதைக் கேட்டுக்கொண்டு நான் நாற்காலிகளை அடுக்கினேன். பதினாறாம் நாளுக்குப் பிறகு உங்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. அக்கா இரண்டு முறை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. எடுத்தால் நன்றி சொல்லிவிடுவாரோ என்று பயம்.

போன வாரம் கமாண்டர் போனில் கத்தினார். “சனிக்கிழமை கூட்டம் வைக்கிறோம். மூணு மாசம் ஆச்சு. முறை யாருதுன்னு நோட்டுல பார்த்தேன், உன்னுது.”

கேட்கிறவர் ஒருவர், சொல்கிறவர் ஒருவர், இதற்குப் பெயர் கூட்டமா என்று கேட்கலாம் என்று இருந்தேன். கேட்டால் அவர் அழுதுவிடுவார். சரி என்றேன். சொல்வதற்கு ஒரு கேஸைத் தயார் செய்து வைத்தேன். நானும் வெளிநாட்டில் இருந்தவள்தானே. தவறவிட்ட கேஸுக்கா பஞ்சம்? மூச்சுக்குழாய் சரியாகப் போகாமல் நான் தடுமாறிய ஒரு லாரி டிரைவர். இருபது வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம். அவர் பெயர்கூட எனக்கு நினைவிருக்கிறது. சொன்னால் வலிக்கும், ஆனால் பழகிய வலி.

நேற்றுப் படியேறி மேலே போனேன். உங்கள் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

உங்களிடம் இருந்த சாவியையும் சங்கத்து முத்திரையையும் கொடுத்துவிட்டுப் போக வந்தாராம். அடுத்த வாரம் மகளோடு கோயம்புத்தூர் போய்விடுகிறார், வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. கமாண்டர்தான் உட்கார வைத்திருக்கிறார். “கூட்டம் முடியற வரைக்கும் இருந்து டீ குடிச்சிட்டுப் போகட்டும்” என்றார். அக்கா என்னைப் பார்த்து, “எளைச்சுட்டீங்க கண்ணு. ஒத்தைக்குச் சமைக்கச் சோம்பல்பட்டுட்டுச் சாப்பிடறதே இல்லையாக்கும்” என்றார். நான் போனை எடுக்காததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கமாண்டர் வரவேற்புரை சொன்னார். போன கூட்டத்துக் குறிப்பை வாசித்தார். உங்களுக்கு இரங்கல் சொல்லி ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். மூன்று பேர் எழுந்து நிற்கிற நாற்காலிச் சத்தம் அந்த அறைக்குப் போதவில்லை. அப்புறம் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

எழுந்தேன். லாரி டிரைவரைத்தான் சொல்லப் போனேன், சத்தியமாக. வாயில் வந்தது வேறு.

“ஆண், வயது எழுபத்துநாலு. நடந்து வந்தார். பேசினார். நெஞ்செரிச்சல் என்று சொன்னார்.”

கமாண்டர் காது மெஷினைத் திருகினார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு, கேஸ் ஷீட் வாசிப்பதுபோலவே சொல்லிக்கொண்டு போனேன். நெற்றி ஈரம். அவிழ்த்த மப்ளர். கொடுத்த மருந்து, அளவு. பார்க்காத நாடி, பார்க்காத ரத்த அழுத்தம். தைத்த விரல். ‘எழுப்பாதே’ என்று நான் சொன்னது. சால்வை. “குடும்பத்தார் கேட்டபோது, நோயாளி எதுவும் சொல்லவில்லை என்று பொய் சொன்னேன்” என்று முடித்தேன். அதற்குமேல் காலண்டரைப் பார்க்க முடியவில்லை.

கீழே பேக்கரியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். கமாண்டர் உதட்டை நனைத்துக்கொண்டு, நீங்கள் இல்லாததால் உங்கள் கேள்வியை அவர் கேட்டார்.

“பேர்?”

பத்து வருடத்தில் உங்கள் பெயரை நான் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. சார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். கடிதம் எழுதினாலும் சார். உங்கள் மனைவி எதிரில் உட்கார்ந்திருக்க, இனிஷியலோடு உங்கள் பெயரைச் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். “பஜ்ஜின்னா சொன்னாரு?”

“ஆமாங்க அக்கா.”

“அன்னைக்கு அவரு பஜ்ஜியே திங்குல கண்ணு. ஒண்ணுமே திங்குல.”

எனக்கு விளங்கவில்லை. அக்கா கமாண்டர் பக்கம் திரும்பினார். “நான் மெம்பர் இல்லீங்க. ஊட்டுல இருந்தவ. நானும் ஒண்ணு சொல்லலாமுங்களா?”

கமாண்டர் என்னைப் பார்த்தார். சங்க விதியில் இதற்கு வழியில்லை. நான் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தேன். அக்கா எழுந்து நின்றார். நான் நின்ற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டார்.

“அன்னைக்கு வெடியால எந்திரிச்சதுல இருந்தே நெஞ்சைத் தடவிட்டே இருந்தாருங்க. என்னன்னு கேட்டா, வாயுன்னாரு. கேம்ப்புக்கு இன்னைக்குப் போகவேண்டாமுன்னு சொல்லோணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. எதுக்கு வம்புன்னு சுக்குக்காப்பி வெச்சுக் குடுத்து அனுப்பிட்டேன். மப்ளர நாந்தான் கட்டிவிட்டேன். கழுத்தெல்லாம் வேர்த்திருந்துச்சு. பாத்துட்டுத்தான் கட்டுனேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் பொய் ஏதும் சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதமாக இதைத் தனியாக வைத்துக்கொண்டு, ‘தூக்கத்துலயே போயிட்டாருங்க’ என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் போனை எடுத்திருந்தால் நன்றி சொல்லக் கூப்பிடவில்லை என்று தெரிந்திருக்கும்.

உங்கள் மேல் எனக்கு நேற்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அக்காவிடம் வாயு, என்னிடம் பஜ்ஜி. எத்தனை நெஞ்சு வலிக்காரர்களைப் பார்த்திருக்கிறீர்கள்? உங்களுக்குத் தெரியாதா? தெரியும். ரிப்பன் கட்டுகிற ஆள் தனக்குக் கட்டிக்கொள்வது கிடையாது, அவ்வளவுதான். நம் கூட்டத்தில் எல்லோருக்கும் இருக்கிற திமிர் அது. எனக்கும் இருக்கிறது.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். உங்கள் மேல் தப்பில்லை அக்கா என்று சொல்ல என் நெஞ்சு துடித்தது. கமாண்டரின் வாயும் திறந்து மூடியது. இருவரும் சொல்லவில்லை. டீ செலவுக்குப் பயந்து அல்ல. சொன்னால் அவர் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை என்று ஆகிவிடும். நீங்கள் ஏன் அந்த விதியைப் போட்டீர்கள் என்று நேற்றுதான் முழுசாகப் புரிந்தது. கேள்வி மட்டும்தான் கேட்கலாம். எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான்.

“காப்பிக்கு என்ன போட்டீங்க அக்கா?”

“கருப்பட்டிதானுங்க. சக்கரை போட்டா அவருக்கு ஆகாது. முழு டம்ளரும் குடிச்சாரு” என்றார். அதற்கப்புறம்தான் அழுதார். மூன்று மாதத்தில் அவர் அழுது நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கமாண்டர் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு குறிப்பு எழுதினார்: ‘சொன்னவர்கள் இருவர். கேட்டவர் ஒருவர்.’

டீ குடித்துவிட்டு அக்காவைக் கீழே அழைத்து வந்தேன். பேக்கரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டோவுக்குக் காத்திருந்தோம். திடீரென்று கையை நீட்டினார்.

“இதைக் கொஞ்சம் பாருங்க கண்ணு. மூணு மாசமா படபடன்னு அடிச்சுக்குது. புள்ளைகிட்டக்கூடச் சொல்லுல.”

மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவதுதான் எங்கள் வழக்கம். நேற்று அறுபது நொடியும் எண்ணினேன். தொண்ணூற்றாறு. சீராகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை, வந்த ஆட்டோவை ஆஸ்பத்திரிக்குத் திருப்பி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, கவலைப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகே வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கோயம்புத்தூர் போனதும் போன் பண்ணுவதாகச் சொன்னார். எடுப்பேன்.

அடுத்த ஞாயிறு கீழ் கோத்தகிரி கேம்ப். கமாண்டர் வாசலில் உட்கார்ந்து ரிப்பன் கட்டுவாராம், நான் பெட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். எல்லாம் நடக்கும் சார். திரும்பி வந்து விளக்கைப் போட்டால் இந்த வீடு இப்படியேதான் இருக்கும், அதற்கும் பழகிக்கொள்வேன்.

ஆனால் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுதினேன் அல்லவா, ஒன்றைச் சொல்லவில்லை. அக்கா பெஞ்சில் கையை நீட்டியபோதுதான் அது எனக்கே முழுசாக நினைவுக்கு வந்தது. ‘எனக்கு என்ன ரிப்பனுங்க?’ என்று கேட்டபோது நீங்கள் சும்மா நிற்கவில்லை. ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டு, மணிக்கட்டு மேலே தெரியும்படி என் மேசைமேல் கையை வைத்தீர்கள். நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். என் விரல்களுக்கும் உங்கள் கைக்கும் நடுவே ஒரு சிரப் பாட்டில் அகலம்தான் இருந்தது. நீங்கள் கையை எடுத்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தீர்கள். நான் தொடவில்லை, சார்.